மணிலா விலையும் சர்க்கார் சட்டமும்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அந்தச் சந்தையின் பெயரைக்கூடக் கேட்டறியாத திண்டிவனம், விழுப்புரம் வட்டார விவசாயி, அடுத்த சில ஆண்டுகளில் வீட்டு நகையை அடகுக்கடைக்கு எடுத்துச் சென்றார். இது எப்படி நேர்ந்தது?

தென்னாற்காட்டின் புன்செய் நிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மணிலாக்கொட்டை பரவிவிட்டது. மானாவாரி மண்ணுக்கு ஏற்ற பயிர். கையில் ரொக்கம் தரும் பயிர். பிரான்சின் மார்சேல் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகள் அதை வாங்கின. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலும் ஓடியது. விதைப்புக்கு முன்னரே மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். காயை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போடவேண்டும். கம்பும் கேழ்வரகும் விளைந்த நிலம் இப்படித்தான் உலகச் சந்தையின் கயிற்றில் கட்டப்பட்டது.

நெருக்கடி வந்ததும் மணிலா விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கிஸ்தியோ வட்டியோ அதனுடன் விழவில்லை. முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய பாக்கிக்கு இரண்டு மூட்டைக்கு மேல் விற்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் சர்க்காரோ ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற உயர்ந்த விகிதத்திலேயே பிடித்து வைத்தது. ஏற்றுமதியாளர் கைக்கு வந்த ரூபாய் குறைந்தது. அந்த நஷ்டம் மண்டி வழியாக உழவன் தலையில் இறங்கியது. 1931-க்குப் பின் நாட்டின் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. அடகில் மூழ்கிய கிராமத்து நகைகளும் அதில் சேர்ந்தவையே.

அமெரிக்காவில் நடந்தது என்ன? வேலையற்றோர் தெருவில் இறங்கினர். 1932 தேர்தலில் ஹூவர் தோற்றார். 1933-இல் ரூஸ்வெல்ட் சர்க்கார், விளைபொருள் விலையைத் தூக்கி நிறுத்த, சாகுபடியைக் குறைப்போருக்குப் பணம் கொடுத்தது. அமெரிக்க முதலாளிகளுக்கு இரக்கம் பிறந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்! பணத்தில் பெரும்பங்கை நிலச்சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பருத்தி வயலில் வாரத்துக்கு உழுத கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் வெளியேற்றப்பட்டார்கள். 1934-இல் ஆர்கன்சாவில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தது அதனால்தான்.

சென்னை மாகாணத்தில் 1937 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. ராஜாஜி மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களின் நிலுவை வட்டி ரத்து. அசலைப் போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் விவசாயி யார்? நிலத்தில் பாத்தியதை உள்ளவர். களை வெட்டி, காய் பறித்து, அரைவயிற்றுக் கூலி வாங்கிய நிலமற்ற தொழிலாளி விவசாயியே அல்ல! அவர் பட்ட கடன் அப்படியே நின்றது. ஆர்கன்சாவும் திண்டிவனமும் இந்த விஷயத்தில் பக்கத்து ஊர்கள்.

மார்சேலுக்குக் கப்பல் போன காலம் முடிந்தது. இன்று கப்பல் எதிர்த்திசையில் வருகிறது. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார், சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவிகிதமாக்கியது. 2025 மே இறுதியில் அதையே 10 ஆக்கியது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையோடு காத்திருப்பவரைக் கேட்டா செய்தார்கள்? ஏழை வாங்கும் எண்ணெய் மலிவாகத்தான் இருக்கவேண்டும். அதற்கான செலவை உழவனிடம் வசூலிப்பானேன்? வரியைக் குறைக்கும் சர்க்கார் ஆதரவு விலையில் மணிலாவைத் தானே கொள்முதல் செய்யட்டும். இனி வரும் கடன் நிவாரணச் சட்டம் எதுவாயினும், அதன் முதல் பிரிவிலேயே குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும் இடம்பெறட்டும்.