தறிக்குழியும் அணுவுலையும்

ஆரணித் தெருக்களில் விடியற்காலையில் பாவு நூலை நீளக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்துகிற நெசவாளருக்கு, வானத்தின் போக்கை அறிவது தொழிலில் பாதி என்று சொன்னால் மிகையாகாது. தூறல் விழுந்தால் பாவு கெடும். வெயில் வரம்பு மீறினால் காற்று வறண்டு, அறுந்த பட்டிழை ஒன்றை முடிந்து நிமிர்வதற்குள் அடுத்த இழை அறும். மண்ணின் ஈரம் பாவுக்கு எட்டட்டும் என்றே முன்னோர் தறியைக் குழியில் அமைத்தார்கள். அதே குழியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது நீர் ஊறி நின்றுவிட்டால், மிதியில் கால் வைக்க வழியின்றிக் குடும்பம் முழுவதும் கூலியிழந்து உட்கார்ந்திருக்கும். பட்டுப்புழுவும் 24 முதல் 28 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் செவ்வையாக வளர்ந்து கூடு கட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், நம் மாவட்டத் தலைநகரமான திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. தனியொரு புயலை முழுவதுமாகப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது சாஸ்திர முறையாகாது என்றாலும், பூமியும் சமுத்திரமும் சூடேற ஏறப் பெருமழையின் உக்கிரம் கூடுகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே அபிப்பிராய பேதம் இல்லை.

ஆகவே, மின்சாரத்தை எதிலிருந்து உற்பத்தி செய்வது என்ற விவாதத்தில் ஆரணிக்கும் ஒரு ஸ்தானம் உண்டு. இரண்டு மாதங்களுக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இந்த மாநிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டில், கரண்டு எப்போது வருமென்று விழித்திருந்து, வந்த வேளையில் தறியை ஓட்டிய குடும்பங்களுக்கு இந்த மின்சாரத்தின் அருமை தெரியும். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதும், ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலேறி எண்ணூரில் இறங்கும் அக்கரியின் புகையே நம் வானத்தைக் கெடுப்பதில் பங்கு கொள்கிறது என்பதும் அதே அளவுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, சுரங்கம் வெட்டுவது முதல் நிலையத்தை மூடுவது வரை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி ஏறத்தாழ 820 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அணுசக்தி வெளியிடுவது 12 கிராம், காற்றாலைக்கு நிகர். கூடங்குளத்தின் ஆயிரம் மெகாவாட் உலை ஒன்று ஒரு நாள் முழுவதும் நிற்காமல் ஓடினால் 2.4 கோடி யூனிட் கிடைக்கும். அதையே நிலக்கரியில் உற்பத்தி செய்தால் அந்த ஒரு நாளில் மட்டும் இருபதாயிரம் டன் அளவுக்கு வாயு வானேறும். காற்றும் சூரியனும் இதைச் செய்யாவோ என்று கேட்பது நியாயமான கேள்வியே. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும் கமுதியின் சூரிய மின் நிலையமும் தமிழ்நாட்டின் பெருமைக்குரியவை. அவை இன்னும் பெருக வேண்டும். ஆயினும் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று பின்னர் ஓய்ந்துவிடுகிறது. சூரியனோ, வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் விடைபெறுகிறது. மின்கலங்களின் விலை இறங்கி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட் வரை தேவை ஏறிய ஒரு மாநிலத்தின் இரவுகள் முழுவதையும் அவை தாங்கும் காலம் இன்னும் வரவில்லை. அதுவரை அந்த இரவுகளை நிலக்கரியிடம் விடுவதா, அணுவிடம் விடுவதா என்பதே நம் முன் நிற்கும் பிரச்சினை. அணுவிடம் விடுவதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று அணுவுலைகளையும் மூடிய ஜெர்மனி, அப்போதும் பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் இந்த அபிப்பிராயம் நிபந்தனையற்றதன்று. கூடங்குளத்துக்காக ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மின்சாரம் 2013-இல்தான் கம்பியில் ஏறிற்று. கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய, எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனும் ஈனுலையின் உலைமையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் ஆரம்பமாயிற்று. அங்கேயே 1983-இல் இயங்கத் தொடங்கிய முதல் உலை 2018 முதல் ஓய்ந்து கிடக்கிறது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 9,000 மெகாவாட் அளவிலுள்ள அணுமின் திறனை 2047-க்குள் ஒரு லட்சமாக்குவோம் என்று அரசு சங்கல்பம் செய்திருக்கிறது. பழைய தாமதங்களின் காரணத்தை ஜனங்களுக்கு ஒளிக்காமல் சொல்லாதவரை அந்தச் சங்கல்பத்தில் எனக்குப் பூரண நம்பிக்கை பிறக்காது.

அதைவிட முக்கியமானது கூடங்குளத்தை அடுத்த மீனவக் கிராமமான இடிந்தகரை. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமியால் உலைகள் உருகியதைப் பார்த்த மீனவ மக்கள், தங்கள் கரையில் எழும்பிய உலையைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். 2004 சுனாமியில் கல்பாக்கத்து உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது உண்மை. அதே அலையில் நிலையத்தின் குடியிருப்பில் உயிர்கள் போனதும் உண்மை. கேட்டவர்களுக்குக் கிடைத்தது பதில் அன்று. ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கும், தேசத்துரோகம் என்ற பழியுமே. உலையை அனுமதித்த 2013 மே மாதத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம், வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று சொல்லவேண்டி வந்தது. கூடங்குளத்தின் மின்சாரம் கம்பி வழியே வடக்கே வந்து நம் தறிகளையும் ஓட்டுகிறது. எரிந்து தீர்ந்த யுரேனியமோ அந்தக் கடற்கரையிலேயே தங்குகிறது. பயன் நம்முடையது, அச்சம் அவர்களுடையது என்ற ஏற்பாட்டைத் தர்மம் என்று எவரும் சாதிக்க முடியாது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் இத்துறையில் தனியாரையும் அனுமதித்திருப்பதால், கண்காணிப்பின் அவசியம் இருமடங்காகியிருக்கிறது. கதிர்வீச்சு அளவையும், எரிந்த எரிபொருளின் இருப்புக் கணக்கையும், நேர்ந்த சிறு பழுதுகளையும் கூடத் தமிழில் எழுதி, கடற்கரைக் கிராம சபைகளின் முன் வைத்து, கேள்விகளுக்கு அதிகாரிகள் நேரில் பதில் சொல்லும் முறை கட்டாயமாக வேண்டும். இதைக் கூடங்குளம் அடங்கிய திருநெல்வேலியின் பிரதிநிதி மட்டும் கேட்டால் போதாது. ஆரணியும் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. அடுத்த முறை நம் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், நூல் விலையையும் கூலி உயர்வையும் பற்றிக் கேட்கும்போது, கூடங்குளத்து மக்களுக்காக மன்றத்தில் என்ன பேசுவீர் என்றும் கேளுங்கள்.