இடக்கைக்கும் வேலை கொடுங்கள்



பியானோ கற்கும் மாணவி ஒருத்தியிடம் ஒரு பாட்டைப் பாடிக் காட்டி, "இதற்குக் கொஞ்சம் வாசியேன்" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் கிரேடு தேறியவளாக இருந்தாலும், "நோட்டுத் தாள் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பாள். தாள் இருந்தால் இரண்டு கைகளும் பறக்கும். இல்லையென்றால் வலக்கை மட்டும் தட்டித் தடவி மெட்டைப் பிடிக்கும். இடக்கை மடியில் கிடக்கும். இது அவள் குற்றமன்று. கற்பிக்கும் முறை அப்படி இருக்கிறது. மெட்டையும் கார்டுகளையும் சேர்த்து வாசிக்கும் வித்தையை மூன்று நான்கு கிரேடுகள் முடிந்த பிறகு என்று தள்ளி வைக்காமல், முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பில் பியானோ கற்கும் எங்கள் நால்வரின் துணிபு.

இதை இப்போது மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மண்டபத்துப் பழைய பியானோவைப் பழுது பார்ப்பதா, அந்தப் பணத்தில் இரண்டு கீபோர்டு வாங்குவதா என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேச்சு நடக்கிறது. "கீபோர்டில் ஒரு விரலை வைத்தால் போதும், கார்டும் தாளமும் தானாக வந்துவிடும், பிள்ளைகளுக்கும் எளிது" என்று அங்கே ஒருவர் சொன்னாராம். சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வாக்கியம் எங்களை உறங்க விடவில்லை.

கார்டு என்றால் என்ன என்று அறியாத அம்மாமாருக்காக (எங்கள் வீட்டிலும் உண்டு) ஒரு விளக்கம். ஒரு சுரத்தின் பின் ஒரு சுரமாக வருவது மெட்டு. மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் கூடி ஒலிப்பது கார்டு. வெள்ளைக் கட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றைச் சேர்த்து அழுத்தினால் ஒரு கார்டு கிடைத்துவிடும். சி என்னும் கட்டையை ஸ என்று கொண்டால், ஸ க ப சேர்ந்தது சி கார்டு. ம த ஸ சேர்ந்தது எஃப் கார்டு. ப நி ரி சேர்ந்தது ஜி கார்டு. எண்ணிப் பாருங்கள், இந்த மூன்றுக்குள் ஏழு சுரங்களும் அடங்கிவிட்டன! மெட்டில் எந்தச் சுரம் வந்தாலும் அதைத் தாங்க மூன்றில் ஒன்று இருக்கும். எளிய பாட்டுகள் எத்தனையோ இந்த மூன்றை மட்டும் நம்பி நிற்பதன் இரகசியம் இதுவே.

நாம் எல்லோரும் அறிந்த 'சைலண்ட் நைட்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1818ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃப் என்னும் சிற்றூர்க் கோவிலில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. சொற்களை எழுதியவர் ஜோசப் மோர் என்னும் இளங்குருவானவர். மெட்டமைத்தவர் ஃபிரான்ஸ் க்ரூபர் என்னும் பள்ளி ஆசிரியர். கிட்டார் ஒன்றே துணை. (கோவில் ஆர்கனை எலி கடித்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரந்தான் இல்லை.) இந்தப் பாட்டு முழுவதற்கும் நாம் மேலே சொன்ன மூன்று கார்டுகளே போதும்.

ஆனால் எந்த இடத்தில் எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாடம் இருக்கிறது. தொடக்கம் ப த ப க. அதுவே மறுபடியும் வருகிறது. ப-வும் க-வும் சி கார்டைச் சேர்ந்தவை. நடுவில் வரும் த அதைச் சேர்ந்ததன்று. சுரத்துக்குச் சுரம் கார்டு மாற்ற வேண்டும் என்று நினைக்கும் பெண் அந்த த-வைக் கண்டதும் எஃப் கார்டுக்குத் தாவுவாள், பாட்டு நொண்டும். அந்த த வெறும் வழிப்போக்கர். ஒரு நொடி திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்காக வீட்டையே மாற்றிக்கொள்வார்களா? சி கார்டிலேயே அமைதியாக இருந்துவிட வேண்டும். மூன்றாம் அளவில் ரி ரி நி வருகிறது, அப்போது ஜி. அடுத்து ஸ ஸ ப, மீண்டும் சி. ஐந்தாம் அளவில் த நீண்டு ஊன்றி நிற்கிறது. அங்கே அது வழிப்போக்கர் அன்று, வீட்டுக்காரர்! ஆகையால் எஃப். ஒரே த, ஓரிடத்தில் விருந்தாளி, ஓரிடத்தில் உரிமையாளர். இதைக் காதால் உணர்ந்த பெண்ணுக்கு அதன் பின் ஆயுள் முழுவதும் தாளைத் தேடி ஓடும் வேலை பாதியாகக் குறையும். இதைக் கற்க மூன்றாம் கிரேடு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இரண்டாம் மாதமே போதும் என்கிறோம் நாங்கள்.

இடக்கைக்கு முதலில் சிறிய வேலையே போதும். ஓர் அளவுக்கு ஒரே சுரம்: சி வரும் இடத்தில் ஸ, எஃப் வரும் இடத்தில் ம, ஜி வரும் இடத்தில் ப. ஒரே ஒரு விரல்தான், ஆனால் மெட்டு அப்போதே நிமிர்ந்து நிற்கும். அது பழகிய பின் மூன்று சுரங்களையும் சேர்த்து வைக்கலாம். அதன் பின் ஸ, ப, க என்று பிரித்துத் தொட்டில் ஆட்டுவது போல் ஆட்டலாம். கை கட்டைக்குக் கட்டை குதிக்கத் தேவையில்லை. ஸ க ப-வில் இருந்து எஃப் கார்டுக்குப் போகையில் ஸ-வை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டு விரல்களை ஒரு கட்டை வலப்புறம் நகர்த்தினால் ஸ ம த கிடைக்கும். ஜி கார்டுக்கு ப-வை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒரு கட்டை இடப்புறம் நகர்த்தினால் நி ரி ப. இவ்வளவுதான். பயப்பட இதில் என்ன இருக்கிறது?

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பியானோவின் இடப்பக்கக் கோடியில் மூன்று சுரங்களை நெருக்கி அழுத்தினால் இடி முழக்கம்தான் கேட்கும். அங்கே ஒரு சுரமே போதும், அல்லது இரண்டை விலக்கி வைக்க வேண்டும். கார்டு மாறும்போது பெடலைத் தூக்கிப் புதிதாக மிதிக்காவிட்டால் பழைய கார்டும் புதிய கார்டும் கலந்து குழம்பாகிவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், இடக்கை அடங்கி ஒலிக்க வேண்டும். பாட்டு வலக்கையில் இருக்கிறது. வலக்கையும் கார்டு பிடிக்கும் நிலை வரும்போது மெட்டின் சுரத்தை எப்போதும் மேலே வைத்துச் சுண்டுவிரலுக்குப் பலம் கொடுக்க வேண்டும். நம் காது மேலே கேட்பதையே மெட்டு என்று எடுத்துக்கொள்கிறது. சுண்டுவிரலுக்கு வந்த பெருமையைப் பாருங்கள்!

"இதெல்லாம் சினிமாப் பாட்டு வாசிப்பவர்களின் குறுக்கு வழி, சாஸ்திரீயமான மேல்நாட்டு இசைக்கு ஒவ்வாது" என்று சிலர் சொல்வது எங்கள் காதில் விழுந்திருக்கிறது. இதை நாங்கள் ஒப்பவில்லை. பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725ஆம் ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கிக் கொடுத்தார். தொடக்க வகுப்பில் எல்லோரும் வாசிக்கும் ஜி ஸ்தாயி மினியூட் அந்தப் புத்தகத்தில் உள்ளதே. (பாக் இயற்றியது என்று நெடுங்காலம் நம்பினார்கள்; அது பெட்சோல்ட் என்பவருடையது என்று பின்னாளில் தெரிய வந்தது.) அதே புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், கீழ்ச்சுரத்தை மட்டும் பார்த்து அதன் மேல் கார்டுகளைத் தாமே கட்டுவதற்கான விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அக்காலத்தில் இசைக் குழுவில் விசைப்பலகை வாசித்தவர்களுக்கு இடக்கைச் சுரமும் சில எண்களும்தான் தரப்படும். மற்றதை அவர்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே குடும்பப் புத்தகத்தில் இடம்பெற்ற பாடம் இது. நாம் மினியூட்டை எடுத்துக்கொண்டு விதிகளை விட்டுவிட்டோம்.

மோட்சார்ட் 1788இல் எழுதிய சி ஸ்தாயி சொனாட்டாவின் இடக்கைப் பகுதியைப் பாருங்கள். ஸ ப க ப, ஸ ப க ப என்று ஓடுகிறது. டொமெனிக்கோ ஆல்பர்ட்டி என்னும் இத்தாலியர் பெயரால் வழங்கும் பாணி அது. எங்களில் இருவர் அதைச் சுரம் சுரமாக, பெருக்கல் வாய்பாடு போல் மனப்பாடம் செய்தார்கள். அது சி கார்டைப் பிரித்துப் போட்டதுதான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு வாரப் பாடம் இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

வேறொரு மறுப்பு வலுவானது. நம் நாட்டு இசை ஒற்றை மெட்டு இசை. கார்டைப் போட்டால் இராகம் கெட்டுவிடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. கமகத்தைப் பியானோவால் காட்ட முடியாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கும் இத்தகைய எண்ணமே காரணம். கார்டு விஷயத்திலும் கவனம் தேவை. மோகன இராகப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் ம-வும் நி-யும் இல்லை. அதற்கு எஃப் கார்டு போட்டால் ம நுழைந்துவிடும். ஜி கார்டு போட்டால் நி நுழைந்துவிடும். இராகத்திற்குள்ளேயே கிடைப்பவை ஸ க ப என்னும் சி கார்டும், த ஸ க என்னும் ஏ மைனர் கார்டும்தான். அவ்விரண்டையும் வைத்து அழகாகத் தாங்கலாம். அல்லது ஸ-வையும் ப-வையும் சுருதி போல் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதும் இடக்கையின் படிப்பில் சேர்ந்ததே. கீபோர்டின் தானியங்கிப் பொத்தானுக்கு இது தெரியுமா?

சங்கராபரணத்திலோ கவலையே இல்லை. அதன் ஏழு சுரங்கள் பியானோவின் வெள்ளைக் கட்டைகளே. முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பாண்டில் கேட்ட மெட்டுகளுக்கு அந்த இராகத்தில் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவற்றை நோட்டுஸ்வரம் என்பார்கள். 1976இல் 'அன்னக்கிளி' படத்தோடு வந்த இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து மெட்டும் மேல்நாட்டுக் கார்டும் ஒரே கூரையின் கீழ் சண்டையின்றி வாழ முடியும் என்பதற்கு அவரை விடச் சாட்சி வேண்டுமா?

இனி நம் பள்ளி விஷயத்துக்கு வருவோம். நம் பாடற்குழுவில் அத்தனை பேரும் பெண்கள். டெனாரும் இல்லை, பாஸும் இல்லை. மேலே அத்தனை குரல்களும் பூப்போல் இருக்கும். கீழே தரை இருக்காது. அந்தத் தரையைப் போட வேண்டியது பியானோவின் இடக்கைதான். அதுமட்டுமன்று, நாம் பாடும் தமிழ்ப் பாடல் புத்தகங்களில் சொற்கள் மட்டுமே அச்சாகியிருக்கின்றன. சுரமும் இல்லை, கார்டும் இல்லை. தாள் பார்த்து வாசிக்க மட்டும் தெரிந்த பெண், கிரேடு தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றாலும், அந்தப் புத்தகத்தின் முன் என்ன செய்வாள்? அதனால்தான் ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கும் வெளியிலிருந்து கீபோர்டு வாசிப்பவரை அழைத்துப் பணம் கொடுக்கிறோம். அவர் நன்றாகத்தான் வாசிக்கிறார். ஆயினும் பியானோ கற்கும் பதினாறு மாணவியர் பார்வையாளர் வரிசையில் கை தட்டிக்கொண்டிருக்கிறோம்.

கீபோர்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பியானோ வாங்க வசதியுள்ள வீடுகள் எத்தனை? எங்களில் மூவர் வீட்டில் பழகுவது 61 கட்டைக் கீபோர்டில்தான். கார்டுகளையும் மெட்டையும் சேர்க்கும் வித்தையை அதிலும் கற்கலாம். ஆனால் இரண்டு வேண்டுகோள்கள். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கள்; இல்லையேல் மெட்டை உயர்த்தி இடக்கையைத் தாழ்த்தும் பழக்கம் வராது. முதல் ஆண்டு முழுவதும் அந்தத் தானியங்கிப் பொத்தானை யாரும் தொடக் கூடாது. கணக்கு வகுப்பில் வாய்பாடு தெரியும் முன் கால்குலேட்டரைக் கையில் கொடுப்பதில்லையே! பழைய பியானோவையும் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். மழைக்காலத்தில் நான்கு கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன என்பது உண்மை. மற்ற 84 கட்டைகள் நன்றாகவே இருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு சொல். பத்தாம் வகுப்பு வந்ததும் "பொதுத்தேர்வு முடியட்டும்" என்று பியானோவை மூடிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. அரை மணி நேரம் கேட்கிறோம். அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு கைகளும் இரண்டு வேலை செய்துகொண்டிருக்கும் அந்த அரை மணியில் வேறு எந்த நினைவும் உள்ளே வர முடியாது என்பதால், அதற்குப் பிறகு இயற்பியல் புத்தகத்தைத் திறப்பது எங்களுக்கு எளிதாக இருக்கிறது.

மதர் அவர்களும் இசை ஆசிரியையும் அனுமதித்தால், தேர்வு முடிந்த பின் சனிக்கிழமை தோறும் காலை ஒரு மணி நேரம் ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்கு நாங்களே இதைச் சொல்லிக்கொடுக்கத் தயார். நோட்டுத் தாள் வேண்டாம். ஆளுக்கொரு பாடல் புத்தகமும் பென்சிலும் கொண்டு வந்தால் போதும். சொற்களுக்கு மேலே சி, எஃப், ஜி என்று மெல்லியதாக எழுதிக்கொள்ளலாம், தவறினால் அழித்துக்கொள்ளலாம்.

— பியானோ மாணவியர், பத்தாம் வகுப்பு