தொட்டிக்கு கல்லீரல் கிடையாது

கொளத்தூர் கடைகள்ல 2 இன்ச் ஆஸ்கர் குட்டியைப் பார்த்தா யாருக்கும் ஆசை வரும். வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

புரதம் செரிச்சா அம்மோனியா வரும். நம்ம கல்லீரல் அதை யூரியாவா மாத்திடும். மீன் அப்படியே செவுள் வழியா தண்ணியில விட்டுடும். ஆஸ்கர் மாதிரி இரை தின்னி மீன்னா இன்னும் அதிகம். அதைச் சரிபண்ற பாக்டீரியா ஃபில்டர்ல வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாள்ல வித்து அனுப்புறது எனக்குச் சுத்தமா பிடிக்காத வியாபாரம்.

பையை மூடியபடியே 20 நிமிஷம் மிதக்க விடுங்க, சூடு சமமாகட்டும். வெளியூர்ல இருந்து பார்சல்ல வந்த பையைத் திறந்து வச்சு மணிக்கணக்கா சொட்டுத்தண்ணி விடாதீங்க. திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் ஏறும். அதுவரை பெரிசா கெடுதல் பண்ணாத அம்மோனியம், விஷ அம்மோனியாவா மாறும். மீனை மட்டும் வலையில எடுத்து தொட்டியில விடுங்க. பைத்தண்ணி செடிக்கு, அதுக்கு உரம்.

முதல் நாள் தீனி வேண்டாம். உயிரோட கோல்டு ஃபிஷ் போடுற வீர விளையாட்டும் வேண்டாம், அதுல இருக்கற தயாமினேஸ் பி1 வைட்டமினை அழிச்சிடும். பெல்லட் போதும்.

ஒரு அடி வளரும், 10 வருஷம் வாழும். வச்சிக்க முடியலைன்னா ஏரியில விடாம கடையிலயே திருப்பிக் குடுங்க.