அம்மா ஏற மறுத்த கார்

அதிகாலை நாலே முக்காலுக்குக் காப்பார் சாலையில் எனக்குத் துணை லோரிகள் மட்டும்தான். கொள்கலன் லோரி, மண் லோரி, எண்ணெய் பனைக் குலை ஏற்றிய லோரி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிள்ளான் பக்கம் நகரும். நானும் நடுவில் என் சின்னக் காரோடு, காலை நிகழ்ச்சிக்காகப் புக்கிட் ராஜா டோலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சின்னக் கார் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. இருபது வயதைத் தாண்டியது. இன்றைய பிள்ளைகளுக்கு இதன் பெருமை தெரியாமல் இருக்கலாம். மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இன்ஜின், இறுக்கிப் பிடிக்கும் இருக்கைகள், பின்னால் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்ற சின்ன முத்திரை. 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியது அல்லவா, அதன் பலன் அந்த முத்திரை. பள்ளி நாட்களில் தாமான் முனையில் ஒருவர் இதை நிறுத்திவைத்திருப்பார். பள்ளிப் பேருந்தை விட்டாலும் விடுவேன், அதைப் பார்க்காமல் போகமாட்டேன்.

அப்படிப்பட்ட காரில் அம்மா ஏறமாட்டேன் என்றுவிட்டார்.

"உன் காடி ஒவ்வொரு குழியையும் பேர் சொல்லி எனக்கு அறிமுகப்படுத்துதுப்பா. அறிவிப்பாளர் வேலைய நீ ரேடியோவிலேயே பார்த்துக்கோ." ஏற்கெனவே இடுப்புத் தட்டு விலகி வைத்தியம் பார்ப்பவர். கிள்ளானுக்கு மருத்துவரைப் பார்க்கப் போகவேண்டும் என்றால் பக்கத்து வீட்டு அக்காவின் மைவியைத்தான் கேட்பார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும், அம்மாவுக்குப் புரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் புரிந்தது எனக்குப் புரிய ஒரு மழைக்கால விடியல் தேவைப்பட்டது. இருட்டு, ஈரச் சாலை, வேகம் 70 இருக்கும். ஒரு வளைவு, அது முடியும் இடத்தில் கால்வாய்மேல் சின்னப் பாலம். பாலம் தொடங்கும் இடத்தில் இருந்த மேட்டில் ஏறியதும் காரின் பின்பக்கம் இரண்டு முறை குதித்தது. குதித்த இடத்தில் இறங்கவில்லை, பாதி லேன் தள்ளி இறங்கியது. பக்கத்து லேனில் லோரி. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மைக் முன்னால் உட்கார்ந்து 'இனிய காலை வணக்கம்' சொன்னபோது என் கை மேசையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒலிவாங்கியில் விழாமல் இருக்க, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளே மேருவில் பட்டறை வைத்திருக்கும் போர்மேன் அண்ணனிடம் போனேன். எங்கள் பக்கத்துப் பழைய புரோட்டோன்கள் பாதி அவர் கைபட்டவைதான். காரை ஏற்றத்தில் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்தார்.

"தம்பி, இதுல லோட்டஸ் எங்க இருக்கு? முத்திரையில மட்டும்தான் இருக்கு."

எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் ஒரிஜினலைக் கழற்றிவிட்டு 'ஹைலோ' போட்டிருந்தார். உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி அப்சர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் செட். ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டோடு வந்த பழைய சாமான். முன் ஸ்பிரிங்கில் 8 என்று அச்சிட்டிருந்தது. அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ வேண்டும் என்று பொருள். 80 கிலோ ஆள் ஒருவர் அந்த ஸ்பிரிங் மேல் ஏறி நின்றால் ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான். இந்த அளவுக் கார்களின் ஒரிஜினல் ஸ்பிரிங் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது.

இறுக்கமாக இருந்தால் கார் சாலையைக் கவ்விக்கொள்ளும் என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. எனக்கும் அதுதான் நம்பிக்கை. சாலை கண்ணாடிபோல் இருந்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. சிப்பாங் பந்தயத் தடத்தில் வார இறுதியில் ஓட்டும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு 8 கிலோ ஸ்பிரிங் சரிதான், அவனோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் காப்பாரில் இருப்பது சிப்பாங் அல்ல. கிள்ளான் கரையோரம் முழுக்க மெத்தென்ற கடற்களிமண். அதன்மேல் போட்ட சாலை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். பாலமோ ஆழத்தில் இறக்கிய தூண்மேல் நிற்பதால் அமிழாது. அதனால்தான் ஒவ்வொரு பாலத்தின் வாசலிலும் ஒரு படி. அதற்கும் மேல் லோரிகளின் பாரம், மழைநீர் தேங்கி உண்டாகும் குழி, ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட தார்.

இப்படிப்பட்ட சாலையில் சக்கரம் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்க வேண்டும். டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் பிடிமானம். ஸ்பிரிங் அமுங்காவிட்டால் சக்கரத்துக்குப் பதில் காரே எழும்பும், டயர் ஒரு நொடி காற்றில் நிற்கும். வளைவில், மழையில், அந்த ஒரு நொடியில் ஸ்டீரிங்கும் பிரேக்கும் நம் பேச்சைக் கேட்காது.

ஸ்பிரிங் வாங்கிய அடியைச் சேமித்து அப்படியே திருப்பித் தரும். அந்தத் துள்ளலை அடக்குவது அப்சர்பர். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளி, அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். என் காரில் அந்த எண்ணெயில் பாதி வெளியே கசிந்து புழுதியோடு ஒட்டிக்கிடந்தது. இறுக்கமான ஸ்பிரிங், செத்துப்போன அப்சர்பர். இதைவிட மோசமான ஜோடி கிடையாது. போதாக்குறைக்குக் காரை மிகவும் தாழ்த்தியிருந்ததால் சக்கரம் மேலே போக இடமே இல்லை. சின்ன மேட்டுக்கே அப்சர்பர் தண்டில் உள்ள ரப்பர் முட்டுக்கட்டையில் போய் இடித்து நின்றது. அம்மாவின் இடுப்பில் விழுந்தது அந்த இடிதான்.

"சரி அண்ணே, நல்ல புது ஹைலோவா ஒண்ணு சொல்லுங்க" என்றேன். விலைகூடப் பார்த்து வைத்திருந்தேன். அவர் பதில் சொல்லாமல் கடப்பாரை ஒன்றை எடுத்துக் கீழ் ஆர்மில் வைத்து நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. புஷ் ரப்பர் கருவாடு மாதிரி வெடித்திருந்தது.

"ரப்பர் இப்படி இருக்கும்போது நீ தங்கத்துல அப்சர்பர் போட்டாலும் காடி நேரா போகாது."

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம் என்று நினைக்கிறேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கும் அப்சர்பர் கண்ணில் படுகிறது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பலாம். கீழ் ஆர்ம் புஷ்ஷை யார் படம் எடுப்பார்கள்? ஆனால் இருபது ஆண்டுச் சூட்டில் வெந்தது அந்த ரப்பர்தான். புஷ், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க், அப்சர்பரின் மேல் மவுன்டிங் எல்லாம் மாற்றினோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டேன். தினமும் ஓட்டும் காருக்கு வேண்டாம், அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும் என்றார்.

வேலை நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். புது புஷ்ஷின் போல்ட்டுகளைக் கார் தூக்கில் இருக்கும்போது அவர் முழுதாக இறுக்கவில்லை. காரை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் பாரத்தோடு நின்ற பிறகு கீழே நுழைந்து இறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். உங்கள் காருக்கு புஷ் மாற்றினால் இதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். சொன்னால் சில போர்மேன்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிறகுதான் அப்சர்பருக்கு வந்தோம். ஒரிஜினல் தரத்திலேயே புதிது போடலாம். கயாபா இருக்கிறது, நம் பண்டமாரானில் தொழிற்சாலை வைத்து ஸ்பிரிங்கும் அப்சர்பரும் செய்யும் ஏபிஎம் இருக்கிறது. பில்ஸ்டீன், கோனி என்று மேலே போகலாம், பணமும் மேலே போகும். ஹைலோவிலும் சாலைக்கேற்ற மென்மையான ஸ்பிரிங்கோடு நல்ல செட்டுகள் உண்டு, ஆனால் வாங்கும் முன் ஸ்பிரிங் எத்தனை கிலோ என்று கேளுங்கள். கடைக்காரருக்கே தெரியாவிட்டால் வாங்காதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், நீளம் குறைவதால் சக்கரம் தொங்கும்போது இருக்கையிலிருந்து கழன்றும் விடலாம்.

நான் எடுத்தது ஒரிஜினலைவிடச் சற்று இறுக்கமான புது அப்சர்பர், ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் மட்டும் தாழும் ஸ்பிரிங். இதற்கு மேல் தாழ்த்த அண்ணன் சம்மதிக்கவில்லை. முன்பக்கம் கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், கார் தாழ்ந்திருந்தும் வளைவில் அதிகம் சரியப் பார்க்குமாம். ஸ்பிரிங் உட்கார ஒரு வாரம் ஓட்டிவிட்டு அலைன்மென்ட் பார்த்தோம்.

லோட்டஸின் கதையைப் பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. அதை உருவாக்கிய காலின் சாப்மனின் 1962 எலான், இன்றும் ஓட்டுநர்கள் கொண்டாடும் ஸ்போர்ட்ஸ் கார், பேர் வாங்கியதே மென்மையான ஸ்பிரிங்குக்கும் அதை நன்றாக அடக்கும் அப்சர்பருக்கும்தான். அந்த ஊர் நாட்டுப்புறச் சாலைகளும் நம் சாலை மாதிரி குண்டும் குழியும்தான் போலிருக்கிறது. அந்த வீட்டுப் பொறியாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததை நாம் கழற்றிப் போட்டுவிட்டு, முத்திரையை மட்டும் மெருகேற்றிக்கொண்டிருந்தோம்.

அதே பாலத்தில் அதே வேகத்தில் இப்போது கார் ஒரே மூச்சில் ஏறி, ஒரே மூச்சில் இறங்கி, நேராகப் போகிறது. சிப்பாங் நண்பன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சுடா உனக்கு" என்றான். திரும்பும்போது ஸ்டீரிங்கைக் கொடுக்க மட்டும் மனமில்லை அவனுக்கு.

போன வாரம் அம்மாவை மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். பாதி வழிவரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர், மேரு சந்திப்பு தாண்டியதும் விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி ஏதோ கடகடன்னு சத்தம் கேக்குது பாரு" என்றார். எனக்குப் பகீர் என்றது. ஓரமாக நிறுத்தி பூட்டைத் திறந்து பார்த்தால், பழைய ஹைலோவைத் திருகும் சாவி ஸ்பேர் டயருக்குள் உருண்டுகொண்டிருந்தது.