ஜிப் வட்டுப் பக்தர்களுக்குச் சில வினாக்கள்

பழமையைப் போற்றுவது வேறு. பழுதைப் போற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அக்குழப்பத்துக்கு 'அசல் தன்மை' என்று பெயரும் சூட்டிக்கொண்ட ஒரு சாராரைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது. 1980களிலும் 1990களிலும் வெளிவந்த சாம்ப்ளர் என்னும் இசைக்கருவிகளை இன்றும் விரும்பி வாசிப்போருள் ஒரு பிரிவினர் அவர்கள். கருவியோடு அக்காலத்து ஜிப் ட்ரைவையும் சைக்வெஸ்ட் ட்ரைவையும் நெகிழ்வட்டையும் சேர்த்தே பேண வேண்டும்; அவற்றை நீக்கிவிட்டு ஒரு நினைவக அட்டையைப் பொருத்துவது கருவிக்கு இழைக்கும் துரோகம் என்பது அவர்கள் கட்சி. அது பிழை மட்டுமன்று, தீங்கும் ஆகும் என்பது நம் கட்சி.

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

சாம்ப்ளர் என்பது ஓர் ஒலியைக் கேட்டு, எண்களாக மாற்றிக்கொண்டு, அதனைக் கட்டைகளில் வைத்து ஏற்றியும் இறக்கியும் வாசிக்கத் தரும் கருவி. 1979இல் சிட்னியில் தோன்றிய ஃபேர்லைட் சிஎம்ஐ செல்வந்தர்க்கே வாய்த்தது. 1981இல் ஈ-மியூவின் எமுலேட்டர், 1986இல் அகாயின் எஸ்900, 1988இல் எஸ்1000 என்று வரிசை வளர்ந்தபோது இக்கருவி எளியோரின் அறைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஹிப்-ஹாப் இசையின் ஒரு பெரும்பகுதி இதன் வயிற்றில் பிறந்தது என்றால் மிகையாகாது.

இக்கருவிகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. இவற்றின் நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் நினைவில் வைத்திருக்கும். விசையை அணைத்த கணத்தில் அன்றைய உழைப்பு முழுதும் மறைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒலிகளை ஏதேனும் ஒரு வட்டில் எழுதி வைத்தாக வேண்டும். 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒற்றைத் தட ஒலியாயின் ஏறத்தாழ 16 விநாடி கொள்ளும். இரட்டைத் தடமாயின் 8 விநாடி. எஸ்1000இன் நினைவகத்தை 32 மெகாபைட் வரை பெருக்கலாம். அதை நிரப்ப இருபதுக்கும் மேற்பட்ட நெகிழ்வட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்க வேண்டும். இத்தொல்லை தாங்காமலே ஸ்கஸி என்னும் இணைப்பு வழியாகப் பெரிய கழற்று வட்டுகள் வந்தன. முதலில் 44 மெகாபைட் சைக்வெஸ்ட். 1995இல் சந்தையைப் பிடித்த ஐயோமெகாவின் 100 மெகாபைட் ஜிப். பின் ஒரு கிகாபைட் ஜாஸ். சோர்வில் பிறந்த ஏற்பாடு அது; அழகுணர்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேறு வழியிருந்தால் அன்றைய இசைஞர் ஒருவரும் அவற்றைத் தொட்டிருக்க மாட்டார் என்பதே நம் எண்ணம்.

இனி முதல் வினா. ஜிப் ட்ரைவின் வழியாக வந்தால்தான் ஒலி 'கனமாக' இருக்கும் என்று எழுதுகின்றனரே, ஒலிக்கும் வேளையில் அந்த வட்டு எங்கே இருக்கிறது? இக்கருவிகள் வட்டிலிருந்து எண்களை நினைவகத்துக்கு ஏற்றிக்கொண்டு, பின்னர் நினைவகத்திலிருந்தே வாசிக்கின்றன. கட்டையை அழுத்தும்போது வட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாலும் ஒலி வரும். எஸ்பி-1200இன் கரகரப்பை உலகம் விரும்புகிறது என்றால், அதற்கு 12 பிட் அளவையும் 26.04 கிலோஹெர்ட்ஸ் வேகமும் அதன் வடிகட்டிகளும் காரணம். அவை கருவிக்குள் இருக்கின்றன. நினைவக அட்டையிலிருந்து வந்த எண்களும் அதே வழியாகத்தான் வெளியேறும். நெல்லை மாட்டுவண்டியில் கொண்டுவந்தாலும் லாரியில் கொண்டுவந்தாலும் சோற்றின் சுவை மாறுமோ?

அடுத்து அவர்கள் எடுத்துவைப்பது கட்டுப்பாடு பற்றிய வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. எஸ்பி-1200இல் பதியக்கூடிய மொத்த நேரம் 10 விநாடிதான். 33 வேகத்தில் சுழல வேண்டிய இசைத்தட்டை 45இல் சுழலவிட்டுப் பதிந்து, கருவிக்குள் சுருதியை இறக்கி நேரத்தை மிச்சம் பிடித்தனர் இளைஞர்கள். அந்தச் சிக்கனமே ஒரு பாணியாயிற்று. நன்று. ஆனால் அந்தப் 10 விநாடி கருவியினது நினைவகத்தின் எல்லை. அட்டையைப் பொருத்தினாலும் அது 10 விநாடியாகவே இருக்கும். வட்டு ஏறும்வரை காத்திருப்பதும் ஒருவகைத் தவம் என்று ஒருவர் எழுதியதை வாசித்தோம். தவம் செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். அதற்கு ஏன் பிறர் இசையைப் பணயம் வைக்க வேண்டும்?

பணயம் என்றது வெறும் சொல் அலங்காரமன்று. ஜிப் ட்ரைவின் 'மரணச் சொடுக்கு' இசைக்கருவிக்காரர் அனைவரும் அறிந்ததே. தலைப்பகுதி பழுதுற்ற ட்ரைவ் வட்டைப் படிக்க முடியாமல் தலையைப் பின்னிழுத்து மீண்டும் மீண்டும் முயலும்போது எழும் 'டக், டக்' ஓசை அது. இதற்காக 1998இல் அமெரிக்காவில் நுகர்வோர் ஒன்றுகூடி வழக்கே தொடுத்தனர். இதில் கொடுமை அந்நோய் தொற்றும் என்பதுதான். விளிம்பு கிழிந்த வட்டு அடுத்த ட்ரைவின் தலையை முறிக்கும். முறிந்த தலை அடுத்த வட்டின் விளிம்பைக் கிழிக்கும். சந்தையில் 'சோதிக்கப்படாதது' என்று விற்கும் பழைய ட்ரைவை வாங்கிவந்து, வேறு படி இல்லாத வட்டை அதனுள் செருகுவோரை என்னென்று சொல்வது? சைக்வெஸ்ட் நிறுவனம் 1998இலேயே நொடித்தது. ஐயோமெகாவை 2008இல் இஎம்சி வாங்கிக்கொண்டது. நெகிழ்வட்டு விற்பனையை ஜப்பானில் சோனி 2011 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. காந்த ஒளி வட்டு ஒன்றே இவற்றுள் உறுதி மிக்கது. லேசரால் சூடேற்றினாலொழிய அதன் காந்தத் திசை எளிதில் மாறாது. ஆயினும் வட்டு நிலைத்தால் போதுமா? படிக்கும் ட்ரைவும் நிலைக்க வேண்டுமே.

இப்போது நம் வேலைக்கு வருவோம். ஏட்டுச் சுவடிகளைப் புனிதம் என்று கருதி, படி எடுக்காமல், ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் இட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். வெறுப்பினால் எரித்தவர்கள் அல்லர் அவர்கள், பக்தியினால் எரித்தவர்கள். சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியது என்றால், ஓலை இற்றுப்போகுமுன் யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கார்ந்து படி எடுத்ததே காரணம். படி எடுக்கும்போதெல்லாம் ஓரெழுத்து விழும், ஓரடி மயங்கும். பாட பேதங்களோடு நாம் இன்றும் மல்லுக்கு நிற்கிறோம். எண்களாக உள்ள ஒலிக்கு அந்தத் துன்பமும் இல்லை. நூறாவது படியும் முதற்படியோடு எழுத்துக்கு எழுத்து ஒக்கும். அந்தப் பேறு கைக்கெட்டிய பின்னும் ஓலையைக் கட்டிக்கொண்டு அழுவோரைக் கண்டு ஏடெழுதியவர்கள் சிரிக்க மாட்டார்களா?

பரவிய படியின் வலிமைக்குச் சான்று ஃபேர்லைட்டிலேயே உண்டு. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தீப்பறவை' இசையிலிருந்து எடுத்த ஒரே ஒரு முழக்கம் அக்கருவிக்குரிய எட்டு அங்குல வட்டுத் தொகுப்பில் இருந்தது. 1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாடலில் அது ஒலித்தது. பின்னர் எண்ணற்ற பாடல்களில் புகுந்தது. அது பலரிடம் இருந்தமையால் சாகவில்லை. வெளிவராத பாடலின் தாளக்கட்டு, இறந்துபோன ஒருவர் தம் அறையில் பதிந்த குரல், இவை ஒரே ஒரு வட்டில் இருக்கின்றன. வாரிசுகளின் கண்ணுக்கு அது பெயர் எழுதாத ஒரு பெட்டி நெகிழி. 2006இல் மறைந்த ஜே டில்லாவின் எம்பிசி கருவி வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. மகிழ்ச்சியே. ஆனால் அக்கருவி வகைக்கு மின்சாரம் கொடுத்தால், வட்டு ஏற்றும்வரை அதன் நினைவகம் வெறுமையாகத்தான் இருக்கும்.

அட்டை மட்டும் சிரஞ்சீவியா என்று மடக்குவர். இல்லைதான். அட்டையும் ஒருநாள் சாகும். ஆனால் புளூஸ்கஸி, ஸூலுஸ்கஸி போன்ற பலகைகளும், நெகிழ்வட்டுக்கு மாற்றான கோடெக்கும் வட்டு முழுவதையும் ஒரு கோப்பாகவே கையாளுகின்றன. கோப்பைக் கணினியில் ஒன்று, நண்பர் வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சாம்ப்ளருக்கோ தன்னோடு பேசுவது ட்ரைவா அட்டையா என்பதே தெரியாது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அகாய், ஈ-மியூ, என்சோனிக், ரோலண்ட் ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் சொந்த முறையில் வட்டை எழுதின. பொதுவழியில் எழுத அன்று அவற்றுக்கு மனம் வரவில்லை. எனவே அந்த வட்டைக் கணினியில் செருகினால், 'இது வடிவமைக்கப்படவில்லை, வடிவமைக்கவா?' என்று விண்டோஸ் பணிவோடு கேட்கும். ஆம் என்று அழுத்தினால் எல்லாம் போயிற்று. நெகிழ்வட்டில் உள்ள எழுதுதடைச் சாளரம் ஜிப் வட்டில் கிடையாது என்பதையும் நினைவில் கொள்க. மூடியை விலக்கி விளிம்பு கிழியாமல் உள்ளதா என்று பார்த்து, வேறு வட்டால் சோதித்த ட்ரைவில் மட்டும் செருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயாமல் முதல் துண்டம் முதல் இறுதித் துண்டம் வரை அப்படியே முழுப்படி எடுக்க வேண்டும். ஆராய்ச்சி பிறகு.

ட்ரைவ் வாங்குவோர்க்கும் ஒன்று: கணினியின் அச்சுப்பொறித் துறைக்கான ஜிப்பும் ஸ்கஸி ஜிப்பும் ஒரே உருவம், ஒரே 25 ஊசி இணைப்பு. பின்புறத்தில் 5, 6 என்ற எண் விசை இருப்பதே ஸ்கஸி. கருவி 6ஐ எடுத்துக்கொண்டிருந்தால் ட்ரைவுக்கு 5. படியெல்லாம் எடுத்து முடித்த பின் அந்த ட்ரைவைக் கருவியின் தலைமேல் வைத்து மாலை சாத்துவோர் சாத்தட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை.