பெயர் ஒன்றாயின் பொருளும் ஒன்றாமோ?

கொங்கு நாட்டிலே பின்னலாடைத் தொழிலாற் பெயர் பெற்றது திருப்பூர். திருப்புக்கொளியூர் அவிநாசி, திருமுருகன்பூண்டி என்னும் பாடல்பெற்ற தலங்கள் அதனை அடுத்து விளங்குகின்றன. 1925-ஆம் ஆண்டளவில் அந்நகரிற் பின்னல் இயந்திரத்தை முதற்கண் நிறுவினவர் ஒரு முஸ்லிம் வணிகரே என்று அத்தொழிலின் வரலாறு கூறுவோர் உரைப்பர். இன்று பனியன் ஆலைகளிலே திருநீறணிந்தாரும், தொழுகைக்கு எழுவாரும், சிலுவை பூண்டாரும் ஒரு கூரையின்கீழ் அருகருகேயிருந்து தொழில் செய்கின்றனர். ஆதலின், அத்தகைய ஊரிற் சைவப் பேச்சாளர் ஒருவர் பிற சமயத்தைப் பற்றிக் கூறுஞ் சொல் திருக்கோயில் மண்டபத்தோடு நின்றொழிவதன்று. மறுநாட் காலையில் ஆலைக்குள்ளும் புகுந்து அச்சமயத்தார் செவிக்கே எட்டுவதாம்.

சைவர் சிலர் இஸ்லாத்தைப் பற்றிக் கூறிவருங் கூற்றுக்கள் இரண்டு. ஆபிரகாம், மோசே, தாவீது, இயேசு என்பாரை யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூவகையாரும் போற்றுதலின் மூன்றும் ஒரே சமயத்தின் மூன்று பெயர்களே என்பது ஒன்று. விவிலியத்தை மறுத்துவிட்டால் குர்ஆனும் உடன் மறுக்கப்பட்டதேயாம், ஒரு கோலால் மூன்று கனிகளை வீழ்த்தலாம் என்பது மற்றொன்று. முன்னது சமரசம் என்னும் பெயரால் உலவுகின்றது. பின்னது வாதத்திறன் என்னும் பெயரால் உலவுகின்றது. இரண்டும் பிறந்த இடம் ஒன்றே. அஃதாவது அந்நூல்களுள் ஒன்றையேனும் திறந்து நோக்காமை.

ஈசா நபியை முதற்கண் எடுத்துக்கொள்க. குர்ஆன் அவரை மர்யமின் மைந்தர் என்று வழங்கும். தந்தையின்றிக் கன்னியிடத்துப் பிறந்தார் எனவும், தொட்டிலிற் கிடந்தபோதே பேசினார் எனவும், களிமண்ணாற் பறவையுருச் செய்து உயிர்பெறச் செய்தார் எனவும், குருடரையும் குட்டநோயினரையும் குணமாக்கினார் எனவும், இறந்தாரை எழுப்பினார் எனவும் கூறும். இவ்வளவுங் கேட்ட மாத்திரத்தே, “முஸ்லிம்கள் பாதிக் கிறித்தவரே” எனத் துணிவார் உளர். எஞ்சியவற்றைக் கேட்க அவர்க்குப் பொறுமையில்லை போலும்! ஈசா இறைவனுக்கு மகனல்லர். தந்தையின்றிப் பிறந்தமையே அதற்குச் சான்றாமெனின், தாயுந் தந்தையும் இன்றித் தோன்றிய ஆதம் அதனினும் மேற்பட்ட உரிமை பெறல் வேண்டும் என்பது குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்திற் போந்த கருத்து. அவர் கொல்லப்பட்டதுமில்லை, சிலுவையில் அறையப்பட்டதுமில்லை என்று நான்காம் அத்தியாயம் மறுக்கும். என்னை வணங்குமின் என்று யான் ஒருபோதும் கூறிற்றிலேன் என ஈசாவே இறைவன் முன்னிலையிற் கூறுவதாக ஐந்தாம் அத்தியாயம் காட்டும். சிலுவைப்பாடும், அதனாற் பாவம் நீங்குதலும், தெய்வ மைந்தன் என்னும் நிலையும் கிறித்தவத்திற்கு உயிர்நிலைகள். அம்மூன்றையும் வெளிப்பட மறுப்பதோர் நூலைக் கிறித்தவத்தின் நிழல் என்பது யாங்ஙனம் பொருந்தும்?

ஈசா செய்த அற்புதங்களையெல்லாம் இறைவன் ஆணையால் நிகழ்ந்தன என்றே குர்ஆன் அடிக்கடி விதந்து கூறும். இஃது அவிநாசித் தலத்தாருக்கு விளங்காத செய்தியன்று. முதலையுண்ட பாலகனை, ஆண்டுகள் சில கழிந்த பின்னர், அவ்வாண்டுகட்குரிய வளர்ச்சியோடு அம்முதலையே கரையிற் கொணர்ந்து உமிழுமாறு பதிகம் பாடினார் சுந்தரமூர்த்தி சுவாமிகள். அதுபற்றி அவரைப் பரம்பொருள் என்று கூறிய சைவர் யாண்டும் இலர். செய்தது சிவனருள், பாடினவர் அடியார். மயிலையிற் பூம்பாவையை எழுப்பிய வரலாற்றுக்கும் இதுவே முறை. அடியாரையும் வழிபடுவது சைவம், நபிமாரை வழிபடுதலை விலக்குவது இஸ்லாம் என்னும் வேற்றுமை உண்டாயினும், அற்புதஞ் செய்தமையாலேயே ஒருவர் கடவுளாகார் என்னுந் துணிபில் இருசாராரும் ஒருப்படுகின்றனர். மேலும், பதியாகிய சிவபெருமான் கருவிற்பட்டுப் பிறவான் என்பது சித்தாந்தம். இறைவன் பெற்றதுமில்லை, பெறப்பட்டதுமில்லை என்பது இஸ்லாம். இவ்வொரு நிலையிற் சைவர்க்கு அணியராவார் முஸ்லிம்களேயன்றிக் கிறித்தவரல்லர். இதனை ஒப்புக்கொள்ள நாணுவதற்கு யாதொரு காரணமுமில்லை.

இனி, மற்றைப் பெயர்களையும் நோக்குக. பழைய ஏற்பாட்டிலுள்ள அரசர் வரலாறு, சாலொமோன் முதுமையில் தன் மனைவியர் பொருட்டு வேற்றுத் தெய்வங்களின்பாற் சாய்ந்தான் என்று பழித்துரைக்கும். குர்ஆனோ சுலைமான் இறைமறுப்புச் செய்திலர் என்று அவரைப் பாதுகாக்கும். வண்ணக்களஞ்சியப் புலவர் அச்சுலைமான் நபியையே தலைவராகக் கொண்டு இராஜநாயகம் என்னும் தமிழ்க் காப்பியம் இயற்றினார். விவிலியத்துச் சாலொமோனை உளத்துட் கொண்டு அக்காப்பியத்தைப் படிப்பவர் அதன் தலைவரை அறியவே மாட்டார். வீரமாமுனிவர் தேம்பாவணிக்குத் தலைவனாகக் கொண்ட சூசையோ, குர்ஆனிற் பெயரளவிலும் இடம்பெற்றிலர். மர்யமோ அந்நூலிற் பெயர் சுட்டப்பெற்ற ஒரே பெண்மணி. பேரீச்சமரத்தின் அடியிலே தனித்திருந்து மகவீன்றவர். ஆபிரகாம் பலியிடத் துணிந்த மகன் ஈசாக்கு என்று விவிலியம் கூற, இசுமாயீல் என்று முஸ்லிம்களிற் பெரும்பாலார் கொள்வர்.

நூல்களைப் பற்றிய கொள்கையும் இவ்வாறே தனிப்பட்டது. மூசாவுக்குத் தவ்ராத்தும், தாவூதுக்குச் சபூரும், ஈசாவுக்கு இஞ்சீலும் இறைவனால் அருளப்பட்டன என்பது இஸ்லாம். இஞ்சீல் என்பது ஈசாவுக்கு இறங்கியதொரு வேதம். ஈசாவைப் பற்றி நால்வர் எழுதிய சுவிசேஷங்கள் அஃதன்று. இப்போதுள்ள முன்னை நூல்கள் திரிபுற்றன என்பர் முஸ்லிம் அறிஞர். சொல்லே திரிந்தது என்று வன்மையாக வாதித்தார் ஆந்தலூசிய நாட்டு இப்னு ஹஸ்ம். பொருள்கோளே திரிந்தது என்பாரும் அவருள் உளர். குர்ஆன் முன்னை நூல்களை மெய்ப்படுத்துவதும், அவற்றின்மேல் நடுவாய் நின்று தீர்ப்புக் கூறுவதும் ஆகும் என்பதே அவர்தங் கோட்பாடு. ஆகவே விவிலியத்தில் முரண் காட்டுவார்க்கு முஸ்லிம் அஞ்சுவதெங்ஙனம்? “யாம் கூறியதும் அதுவே” என்று அவர் அகமகிழ்வார்! 1854-ஆம் ஆண்டில் ஆக்ராவிலே பாதிரியார் பாண்டரோடு வாதிட்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ், ஐரோப்பிய ஆராய்ச்சியாளரின் நூல்களைக் கொண்டே விவிலியத்தின் திரிபுகளை எடுத்துக் காட்டினார். மூன்று கனிகளை வீழ்த்தப் போனவர், அவற்றுள் ஒன்றன் உடையவனுக்கே கோல் எடுத்துக் கொடுத்தவராகின்றார்.

அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. நாவலர், பெர்சிவல் பாதிரியாருடனிருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியிற் பல்லாண்டு உழைத்தவர். ஆதலின் அந்நூலின் பழைய ஏற்பாட்டிற் கூறப்பட்ட ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளைப் பழித்தாரை வாயடைக்க அவரால் இயன்றது. ஒரே நூலை ஒரே ஆண்டில் மௌலானா ஒருவகையாகவும் நாவலர் வேறொருவகையாகவும் பயன்படுத்தினர். இருவரும் அதனை முற்றக் கற்றிருந்தனர். நாவலர் பெயரை முழக்கி மேடையேறுவோர் இக்கல்விக்கு எத்துணை நாள் செலவிட்டனர்?

குர்ஆனுக்கு அரபு மொழி வேண்டுமே என்பது ஒரு சாக்குப்போக்கு. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலா 1572-ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறிய தமிழ் நூல். அப்துல்லாஹ் இப்னு சலாம் என்னும் யூத அறிஞர், தம் வேதங் கற்ற கல்வியைத் துணையாகக் கொண்டு நபிகள் நாயகத்தினிடம் வினாக்களை அடுக்கி, விடை பெற்றுத் தெளிந்து இஸ்லாத்தை ஏற்றார் என்பது அதன் பொருள். யூதரின் வேதத்தை இஸ்லாம் எங்ஙனம் நோக்குகின்றது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டாம். உமறுப்புலவர் சீறாப்புராணத்திலும் கிறித்தவத் துறவி ஒருவர் நபியின் வருகையை முன்னை நூற்குறிப்பால் உணர்ந்தார் என்னும் வரலாறு உண்டு. இவையெல்லாம் தமிழே!

வேதமும் ஆகமமும் என இரண்டு கொள்ளும் சைவர்க்கும் முன்னூல் பின்னூல் என்னும் இந்நெறி உண்டன்றோ எனின், அற்றன்று. வேதம் பொது, ஆகமம் சிறப்பு என்பதன்றி, வேதந் திரிந்தமையால் ஆகமம் வேண்டப்பட்டது என்று சைவாசாரியர் எவரும் கூறிற்றிலர்.

முன்னை வேதங்களைத் திரிபுற விட்டு இறுதி வேதத்தை மட்டும் இறைவன் காத்தது என்னை என்று கேட்பார் சிலர். முன்னையவற்றைக் காக்கும் பொறுப்பு அவ்வேதங் கற்ற அறிஞரிடம் விடப்பட்டது என்று முஸ்லிம்கள் விடை கூறுவர். அவ்விடையிற் குறை காணப் புகும் சைவர், மூலாகமங்கள் இருபத்தெட்டனுள் இன்று முற்றக் கிடைப்பன எத்துணை என்று எதிர்வினா எழுமாயின் யாது கூறுவர்? இவ்வாயுதம் எறிந்தவன் மேலேயே மீளும். இதனைக் கைவிடுதலே நன்று.

சித்தாந்தி நிற்க வேண்டிய களம் வேறு. உயிர் இறைவனாற் படைக்கப்பட்டது என்பது இஸ்லாம். பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி என்பது சித்தாந்தம். ஒருவன் குருடனாகவும் ஒருவன் கண்ணுடையனாகவும் பிறத்தற்குப் படைத்தோன் விருப்பமும் சோதனையுமே காரணமெனின், அவன் கருணைக்கும் நடுவுநிலைக்கும் இழுக்கு வாராதோ என்பதே கேட்கத் தக்க வினா. ஒரே பிறவியின் செயலுக்கு முடிவிலாத பயன் எங்ஙனம் அமையும் என்பது அதனோடு சேர்வது. அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்திலே உலகாயதன் முதலாகப் பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொருவன் கூற்றையும் அவனே கூறுமாறு போலக் கூறி நிறுத்திப் பின்னரே மறுத்தார். அப்பதினான்கனுள் இஸ்லாம் இல்லை. அதற்கோர் பரபக்கம் எழுத விழைவார், ஈசா நபியையும் சுலைமானையும் முஸ்லிம்கள் தாம் கூறும் வடிவிலேயே முதற்கண் எழுதி, அடுத்த தையல் இயந்திரத்தின் முன்னிருக்கும் முஸ்லிமிடம் காட்டி, “உம்முடைய கொள்கை இதுதானோ?” என்று கேட்டு, அவர் ஆம் என்ற பின்னரே மறுப்பைத் தொடங்குக.