1.5 லட்சம் கி.மீ. ஓடிய காரை வாங்கலாமா? மீட்டரைவிட சர்வீஸ் பில் முக்கியமாவது ஏன்?

"டாக்டர் வச்சிருந்த வண்டி சார். சிங்கிள் ஓனர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடியிருக்கு. மீட்டரைப் பாருங்க, 58 ஆயிரம்தான்!"

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. டாக்டர் இல்லையென்றால் ரிட்டயர்டு வாத்தியார் இருப்பார். சில சமயம் அது 12 வருடப் பழைய டீசல் காராக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 வருடத்தில் 58 ஆயிரம் கி.மீ. என்றால் நாளொன்றுக்குச் சராசரியாக 13 கி.மீ. தான். இது நடக்காத விஷயமில்லை. ஆனால், அதை நிரூபிக்க மீட்டரைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதே இடத்தில் ஓரமாக இன்னொரு கார் நிற்கும். மீட்டரில் 1,45,000 கி.மீ. பலரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வண்டிக்கு முதல் சர்வீஸ் முதல் கடைசி சர்வீஸ் வரை பில் இருந்தால், உண்மையில் பாதுகாப்பான முதலீடு எது?

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசி வரை இன்ஜினும் கொண்ட கார்களுக்கு இது பொருந்தும். அதற்கு முன்பு செஸ் வரியோடு சேர்த்து இவற்றுக்கு 29 முதல் 31 சதவீதம் வரை வரி இருந்தது. புதிய காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்கியாக வேண்டும். எனவே, விற்பவர் பழைய விலையையே சொல்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையைத் தெரிந்துகொள்ளாமல் பேரம் பேசப் போகாதீர்கள்.

"ஜிஎஸ்டி 18 பர்சன்ட் ஏறிடுச்சு, அதான் ரேட் ஜாஸ்தி" என்று டீலர் சொன்னால், அது பாதி உண்மை. 2024 டிசம்பரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், பதிவுபெற்ற டீலர்கள் விற்கும் பழைய வாகனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 18 சதவீதம் என முடிவானது உண்மைதான். ஆனால், அந்த வரி காரின் முழு விலைக்கு அல்ல. டீலரின் லாபத்துக்கு மட்டுமே. 3 லட்சத்துக்கு வாங்கி 3.5 லட்சத்துக்கு விற்றால், 50 ஆயிரத்துக்கு 18 சதவீதம், அதாவது 9 ஆயிரம் ரூபாய் வரி. ஒரு தனிநபர் தன் காரை இன்னொரு தனிநபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது.

அதிக கி.மீ. ஓடிய கார் என்றாலே மோசமா?

நம் ஊரில் 'மைலேஜ்' என்றால் லிட்டருக்கு எத்தனை கி.மீ. கொடுக்கிறது என்றுதான் அர்த்தம். இங்கே பேசுவது வண்டி மொத்தம் ஓடிய தூரம் பற்றி. அந்தத் தூரம் எங்கே ஓடியது என்பது எண்ணைவிட முக்கியம்.

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. நெடுஞ்சாலையில் சராசரியாக 60 கி.மீ. வேகத்தில் போனால் இன்ஜின் ஓடுவது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதே 460 கி.மீ. தூரத்தை நகர நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 23 மணி நேரம். அந்த 23 மணி நேரமும் கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் ஓயாமல் வேலை செய்கின்றன. மீட்டரில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

பிஎஸ்-6 டீசல் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், வண்டி நன்றாகச் சூடாகி நீண்ட தூரம் ஓடினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தினமும் மூன்று, நான்கு கி.மீ. மட்டும் ஓடிய டீசல் காரில் அது அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். 'கம்மியா ஓடின வண்டி' எப்போதும் நல்ல வண்டி அல்ல.

சர்வீஸ் ஹிஸ்டரியில் என்ன பார்க்க வேண்டும்?

பெரும்பாலான கார்களுக்கு 10 ஆயிரம் கி.மீ. அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். அப்படியானால் 1.5 லட்சம் கி.மீ. ஓடிய காருக்குச் சுமார் 15 சர்வீஸ் பதிவுகள் இருக்க வேண்டும். விற்பவரிடம் கேட்டு வாங்கி, தேதி வரிசையில் அடுக்குங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, தேதியும் கி.மீ. கணக்கும் ஒத்துப்போகிறதா? 2019 பில்லில் 92 ஆயிரம் கி.மீ. என்று இருந்து, இன்று மீட்டரில் 68 ஆயிரம் காட்டினால், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இரண்டு, இடைவெளி. 60 ஆயிரத்தில் ஒரு பில், அடுத்தது 95 ஆயிரத்தில் என்றால், நடுவில் 35 ஆயிரம் கி.மீ. பழைய ஆயிலிலேயே ஓடியதா, அல்லது வெளியே சர்வீஸ் செய்தார்களா? பழைய ஆயில் கெட்டியாகிச் சேறுபோலப் படியும். டர்போ உள்ள இன்ஜினில் முதல் அடி டர்போவுக்குத்தான்.

மூன்று, பெரிய வேலைகள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால், நிறுவனம் சொன்ன கி.மீ.யில் அது மாற்றப்பட்டதா என்று பாருங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். பெல்ட் மாற்றிய ஒரே ஒரு பில் இல்லாததால் பெரிய செலவு உங்கள் தலையில் விழலாம். கிளட்ச், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றுக்கும் பில் தேடுங்கள்.

சர்வீஸ் புத்தகத்தில் உள்ள சீலை மட்டும் நம்ப வேண்டாம். உரிமையாளரையே உடன் அழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போய், பதிவு எண்ணைச் சொல்லி ஹிஸ்டரியைக் கேளுங்கள். வர மறுத்தால், அதுவே ஒரு பதில்.

மீட்டரைக் குறைத்துவிட முடியுமா?

முடியும். டிஜிட்டல் மீட்டர் என்றால் தொட முடியாது என்பது தவறான நம்பிக்கை. அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. ஆனால், மீட்டரை மாற்றுபவர்கள் வண்டி முழுவதையும் மாற்றுவதில்லை.

கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா? ஸ்டியரிங் வழவழவென்று மின்னுகிறதா? டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் அமுங்கியிருக்கிறதா? 40 ஆயிரம் கி.மீ. ஓடிய காரில் இவை அந்த அளவு தேயாது. டயரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். '2319' என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரானது. 2015 மாடல் கார் '30 ஆயிரம்தான் ஓடியிருக்கு' என்று சொல்லி, நான்கு டயரும் ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

வெளி ஷெட்டில் சர்வீஸ் செய்த கார் என்றால்?

வாரன்டி முடிந்ததும் தெரிந்த மெக்கானிக்கிடம் போவது நம் ஊர் வழக்கம். அதில் தப்பில்லை. பல ஷெட்டுகளில் வேலை சுத்தமாக இருக்கும், பில்தான் இருக்காது. அப்படியானால் அந்த மெக்கானிக்கிடம் நேரில் பேசுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில், ஆயில் மாற்றியபோது ஒட்டிய ஸ்டிக்கர், ஜிபே பதிவு என ஏதாவது இருக்கும்.

எதுவுமே இல்லையென்றால், 'எந்த வேலையும் செய்யவில்லை' என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கார்களில் கூடுதல் கவனம் தேவை?

வெள்ளத்தில் மூழ்கியவை: சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருக்கலாம். தரைவிரிப்பின் அடியிலும், சீட் தண்டவாளத்திலும் துருவைத் தேடுங்கள். அந்தக் காலகட்டத்து சர்வீஸ் பில்லும் இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

டாக்சியாக ஓடியவை: டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டி சில வருடங்களிலேயே பல லட்சம் கி.மீ. ஓடியிருக்கும். ஆர்.சி. விவரங்களைக் கவனமாகப் பாருங்கள்.

வெளிமாநிலக் கார்கள்: டெல்லி வட்டாரத்தில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் கார்களுக்கு எதிரான கட்டுப்பாடுகளால் அங்கிருந்து மலிவாகக் கார்கள் வருகின்றன. என்.ஓ.சி., மறுபதிவு, தமிழ்நாட்டின் சாலை வரி ஆகியவற்றைச் சேர்த்தால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடுங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

"அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது ஆபத்து, இரண்டு பக்கமும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. காரை எப்போதோ விற்றவர்கூட நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும்.

வாங்குபவருக்கும் சிக்கல் உண்டு. மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு வந்துவிடும். ஆனால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது. பாலிசியை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குக் கிடைக்காது. கடன் முடிந்து ஹைப்போதிகேஷன் நீக்கப்பட்டதா, அபராதம் பாக்கி இருக்கிறதா, 15 வருட ஆர்.சி. எப்போது முடிகிறது என்பதைப் பரிவாஹன் தளத்தில் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வழி உண்டா?

டீலர் மீட்டரைக் குறைத்து விற்றது தெரிந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மோசடி என்று போலீஸிலும் புகார் தரலாம். ஆனால், ஆதாரம் வேண்டும். அதனால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல்களைச் சேமித்து வையுங்கள். விற்பனை ரசீதில் கி.மீ. கணக்கை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பொய்க் கணக்கு என்றால் பலர் அங்கேயே தயங்குவார்கள்.

கடைசியில் எதை வாங்குவது?

ஒரே மாடல், ஒரே வருடம். முதல் கார் 1,45,000 கி.மீ., எல்லா பில்லும் இருக்கிறது, 3.6 லட்சம் ரூபாய். இரண்டாவது 62 ஆயிரம் கி.மீ., ஒரு பில்லும் இல்லை, 4.2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் காரை வாங்கினால் மிச்சமாகும் 60 ஆயிரத்தில் டயரும் சஸ்பென்ஷன் வேலையும் செய்துகொள்ளலாம். அடுத்து என்ன செலவு வரும் என்பதும் பில்லிலேயே தெரியும். இரண்டாவது காரில் 62 ஆயிரம் என்ற எண்ணுக்காகவே கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம். அந்த எண்ணுக்குத்தான் ஆதாரம் இல்லை.

இதனால் பில் இருக்கும் எல்லாக் காரையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அர்த்தமில்லை. சேஸிஸில் துரு, பெரிய விபத்தில் டிங்கரிங் பார்த்த அடையாளம், நீலப் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென வரும் புகை இவற்றில் ஏதாவது இருந்தால் ஹிஸ்டரி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் யோசியுங்கள். காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். வண்டிக்காரரின் மெக்கானிக்கை அல்ல, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி, பல வருடம் சேர்த்த பணத்தைக் காப்பாற்றக்கூடும்.